டெலிகாஸ்டர்: பருத்திக்காட்டுக் கைகளுக்குச் செய்த கிட்டார்

ஃபெண்டர் டெலிகாஸ்டர் என்ற மின்கிட்டாரைக் கடையில் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நெக் (கழுத்து) பாடியோடு (உடல்) சேரும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு, அதில் நான்கு திருகு. பசை கிடையாது, நுணுக்கமான தச்சு இணைப்பு கிடையாது. ஒரு திருப்புளி இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் நெக் தனியாகக் கையோடு வந்துவிடும். இந்தக் கிட்டாரின் நல்லது கெட்டது இரண்டும் அந்த நான்கு திருகில் இருக்கிறது.

இதைச் செய்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்கு படித்தவர். 1930களின் மந்தத்தில் கணக்கர் வேலை போய்விட, 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை போட்டார். பழுது பார்த்தே பிழைத்தவனுக்கு ஒரு புத்தி வந்துவிடும். எந்தச் சாமானைப் பார்த்தாலும், இதில் முதலில் போவது எது, அது போனால் உள்ளே கை நுழையுமா என்றுதான் பார்ப்பான். 1950இல் ஒரே பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) எஸ்கொயர் என்ற கிட்டார் வந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இரண்டு பிக்கப்போடு பிராட்காஸ்டர். அந்தப் பெயர் தங்கள் டிரம் பெயரோடு மோதுகிறது என்று கிரெட்ச் நிறுவனம் 1951இன் தொடக்கத்தில் ஆட்சேபித்தது. ஃபெண்டர் ஆட்கள் லேபிளை வீணாக்காமல், மாதிரிப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டி விற்றார்கள். அவற்றைத்தான் இன்று நோகாஸ்டர் என்று சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள். டெலிகாஸ்டர் என்ற பெயர் அதே 1951இல் வந்து ஒட்டிக்கொண்டது. வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியில் இதை எடுத்து வாசித்தவர்களின் கைகளைப் பார்த்தால் வடிவத்தின் காரணம் விளங்கும். பக் ஓவன்ஸ் சிறுவயதில் அரிசோனாவில் பருத்தி எடுத்தவர். வளர்ந்ததும் அங்கிருந்து சான் வாக்கின் பள்ளத்தாக்குக்கு விளைபொருள் ஏற்றிய லாரி ஓட்டினார். இனி ஏழையாக வாழ்வதில்லை என்று அந்தக் காட்டில் நின்றே முடிவெடுத்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மெர்ல் ஹாகார்ட் கலிஃபோர்னியாவின் ஆயில்டேலில், சரக்கு ரயில் பெட்டியை மாற்றிக் கட்டிய வீட்டில் வளர்ந்தவர். 1960இல் சான் குவென்ட்டின் சிறையிலிருந்து வெளியே வந்தபின், மின்வேலை ஒப்பந்தம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் குழி தோண்டும் வேலைக்குப் போனார். வேலன் ஜென்னிங்ஸ் டெக்சஸின் லிட்டில்ஃபீல்டில் பருத்தி எடுத்தார். அதிலிருந்து தப்பிப் போன இடம் வானொலி அறிவிப்பாளர் நாற்காலி. மெம்ஃபிஸில் ஜானி கேஷ் வீடு வீடாகப் போய் வீட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் நின்று வாசிக்கப்போகிற லூதர் பெர்க்கின்ஸும் மார்ஷல் கிராண்ட்டும் கார் விற்பனை நிறுவனமொன்றில் மெக்கானிக்குகள். லூதர் கையில் இருந்தது பழைய எஸ்கொயர் ஒன்று.

கன்ட்ரி இசைக்காரர்கள் தங்கள் முதல் வேலையைப் பற்றிப் பேசினால் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதுகு ஒடிய உழைத்த கை. அந்தக் கைக்கு உடைந்தால் அழவேண்டிய சாமான் ஆகாது, உடைந்தால் மாட்டிக்கொள்ளும் சாமான்தான் ஆகும். டெலிகாஸ்டரை அந்த அளவுகோலில் வைத்துத்தான் இங்கே பார்க்கிறோம். ‘வின்டேஜ் டோன்’ மாயங்களை வேறு யாராவது எழுதட்டும்.

பாடியும் நெக்கும்

பாடி என்பது சுமார் 45 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பலகை. பழைய முறைப்படி ஆஷ் மரம், இப்போது ஆல்டரும் நிறைய. பின்பக்கம் வயிற்றுக்கென்று எந்தக் குடைவும் இல்லை. முன்கை படும் விளிம்பும் சரிவாகச் செதுக்கப்படாமல் நேராக நிற்கும். உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தால் முன்கையில் கோடு விழும். இதைக் குறை என்றே சொல்ல வேண்டும். நான்கு ஆண்டு கழித்து வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அவர்களே செதுக்கிச் சரிசெய்துகொண்டார்கள்.

எடையைக் கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள். 3.2 முதல் 3.6 கிலோ வரை நல்ல எடை. 4 கிலோவைத் தொட்டால் யோசியுங்கள். நாஷ்வில்லின் லோவர் பிராட்வேயில் ஹாங்கி டாங்க் மதுக்கூடங்களில் ஒரு ஷிஃப்ட் என்பது ஏறக்குறைய நான்கு மணி நேரம். இடையில் நீண்ட ஓய்வு கிடையாது. வருமானத்தில் கணிசமான பங்கு டிப்ஸ் வாளியில் விழுவது. ஒரு நாளில் இரண்டு ஷிஃப்ட் வாசிப்பவர்களும் உண்டு. அரை கிலோ வித்தியாசம் கடையில் தெரியாது. அங்கே மூன்றாவது மணி நேரத்தில் தோள்பட்டை சொல்லும்.

பழைய முறை நெக் ஒரே மேப்பிள் துண்டு. கம்பியின் இழுவிசையை எதிர்க்கும் டிரஸ் ராட் பின்பக்கத்திலிருந்து செருகப்பட்டது. அந்தப் பள்ளத்தை அடைத்த வால்நட் பட்டைதான் நெக் பின்னால் ஓடும் கறுப்புக் கோடு. ஸ்கேல் நீளம், அதாவது கம்பியின் அதிரும் நீளம், 25.5 அங்குலம். பழைய அளவு நெக்கில் 21 ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு), ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை) வளைவின் ஆரம் 7.25 அங்குலம். இப்போதைய பெரும்பாலான மாதிரிகளில் 22 ஃபிரெட், 9.5 அங்குலம்.

இந்த வளைவு எண்ணைக் கடையில் யாரும் விளக்கமாட்டார்கள், ஆனால் கன்ட்ரி வாசிக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம். 7.25 என்றால் பலகை நன்றாகக் கூன் போட்டிருக்கும். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே போய் கம்பியை ஒரு முழு சுரம் இழுத்தால், கம்பி அந்தக் கூனின் உச்சியைத் தாண்டிப் போகிறது. மேல் ஃபிரெட்டில் தட்டுகிறது. சத்தம் சட்டென்று செத்துவிடுகிறது. பெடலை மிதித்துச் சுருதியை வளைக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை இழுப்பதுதான் கன்ட்ரி கிட்டாரின் சோறும் குழம்பும் என்பதால் இது சின்னச் சிக்கல் இல்லை. தீர்வு இரண்டு: கம்பியின் உயரத்தைக் கூட்டுவது, அல்லது மேல் ஃபிரெட்டுகளை மட்டும் கொஞ்சம் தட்டையாகச் சீவுவது. மூன்றாவது, 9.5 அங்குல நெக்காகப் பார்த்து வாங்கிவிடுவது. எங்கள் ஓட்டு மூன்றாவதற்கே.

பழைய முறை நெக்கில் டிரஸ் ராடைத் திருப்பும் இடம் பாடிப்பக்க முனையில் ஒளிந்திருக்கும். சரிசெய்யக் கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் உட்காரும் தகடு) பக்கத்து இரண்டு திருகைக் கழற்றி, மற்ற இரண்டைத் தளர்த்தி, நெக்கைச் சாய்த்து, கால் சுற்றோ அதற்கும் குறைவாகவோ திருப்பி, திரும்ப மாட்டி, சுருதி கூட்டிப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. பொறுமையைச் சோதிக்கும் வேலை. இப்போதைய நெக்குகளில் பெரும்பாலும் தலைப்பக்கத்திலேயே ஆலன் சாவி நுழைகிறது, இரண்டு நிமிட வேலை.

நான்கு திருகைக் கழற்றுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. திரும்ப மாட்டும்போது திருகை நேராக அழுத்தித் திருகிவிடுகிறார்கள். மரத்தில் ஏற்கெனவே இருக்கும் மரை வழியில் விழாமல் அது புதிதாக ஒரு மரை வெட்டும். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் ஓட்டை தேய்ந்து திருகு பிடிக்காது. திருகை வைத்து முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து முறுக்கினால் விரலாலேயே பாதி போகும்.

நெக் பக்கவாட்டில் நகர்ந்துபோய் முதல் கம்பி பலகையின் விளிம்பிலிருந்து வழுக்கி விழுவதும் டெலிகாஸ்டருக்கே உரிய வியாதி. கேஸில் போட்டுத் தூக்கிப்போட்டால் வரும். கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே நான்கு திருகையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கை வேண்டிய பக்கம் ஒரு தள்ளு தள்ளி, முறுக்கிவிடுங்கள். கைவினைஞரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டிய வேலையே இல்லை. பசை போட்டு ஒட்டிய நெக்கில் இது நடக்கவும் நடக்காது, நடந்தால் சரிசெய்யவும் முடியாது.

பிரிட்ஜ்: சத்தமும் சண்டையும் இங்கேதான்

டெலிகாஸ்டரின் குரல் பிரிட்ஜில் இருக்கிறது. இரும்புத் தகடு ஒன்று நான்கு திருகில் பாடியோடு இறுகியிருக்கும்; பிக்கப் அந்தத் தகட்டிலேயே மூன்று திருகில் தொங்கும்; கம்பிகள் பாடியின் பின்பக்கத்திலிருந்து மரத்தைத் துளைத்து மேலே வரும். பிக்கப்புக்கு அடியில் செம்பு முலாம் பூசிய இன்னொரு இரும்புத் தகடு. காந்தப்புலத்தைக் கம்பியின் பக்கம் குவிப்பது அதன் வேலை. இத்தனை இரும்பும் சேர்ந்து கொடுப்பதுதான் அந்தக் கூர்மை. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பிளாக்போர்டு மாதிரி ஆட்டக் கூடங்களில் எண்ணெய்க் கிணற்று ஆட்களும் பண்ணை ஆட்களும் ஆடிக்கொண்டு இருக்கும் இரைச்சலில், டிரம்ஸையும் பாஸையும் கிழித்துக்கொண்டு வெளியே வர அந்தக் கூர்மை தேவைப்பட்டது. பக் ஓவன்ஸ் தன் இசைத்தட்டுகளையும் கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் எடுபடும்படி உச்ச ஒலி தூக்கலாகவே கலக்கச் சொன்னார். லாரி ஓட்டியவருக்குத் தெரியாதா, பாட்டு எங்கே கேட்கப்படுகிறது என்று.

முதலில் இந்தத் தகட்டுக்கு மேலே ஒரு மூடியும் வந்தது. வலது கையை வைக்கவிடாமல் தடுத்ததால் எல்லாரும் கழற்றிப் போட்டுவிட்டு, அதில் சிகரெட் சாம்பல் தட்டினார்கள். பெயரே ‘ஆஷ்ட்ரே’ ஆகிவிட்டது.

பழைய பிரிட்ஜில் ஆறு கம்பிக்கு மூன்றே சேடில் (கம்பி உட்காரும் தாங்கி). ஒரு பித்தளை உருளைக்கு இரண்டு கம்பி. ஒலி நன்றாக இருக்கும். சுருதிதான் சண்டை. காரணம் எளிது: 1950இல் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பி. இன்று எல்லாரும் போடுவது வெறும் கம்பி. நான்காவதுக்கு சேடில் முன்னால் நகர வேண்டும், வெறும் மூன்றாவதுக்குப் பின்னால் நகர வேண்டும். இரண்டும் ஒரே உருளையில் உட்கார்ந்திருக்கின்றன. நான்காவதைச் சரியாக வைத்தால் மூன்றாவது, மேல் ஃபிரெட்டில் சுருதி ஏறிப்போய்விடும். இதற்குச் சாய்வாகத் துளையிட்ட அல்லது சாய்வாகக் கடைந்த பித்தளை சேடில்கள் கிடைக்கின்றன. மூன்றையும் மாற்றக் கால் மணி நேரம் போதும். இந்தப் பிரிட்ஜுக்குச் செய்யக்கூடிய மிக உருப்படியான செலவு இதுதான். ஆறு சேடில் பிரிட்ஜ் சுருதியை முழுதாகத் தீர்க்கும். ஆனால் ஆறு சின்னத் துண்டுகளும் தனித்தனியாக ஆடும், அவற்றின் உயரத் திருகுகள் உள்ளங்கையைக் கீறும். வலது உள்ளங்கையைக் கம்பி மேல் வைத்து அடக்கி வாசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளங்கை என்றதும் லூதர் பெர்க்கின்ஸ். அவருடைய எஸ்கொயரில் ஒலிக்கட்டுப்பாடு வேலை செய்யவில்லை. குறைக்க வழியில்லாமல் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அடக்கினார். அந்தக் ‘பூம்-சிக்கா-பூம்’ அப்படித்தான் பிறந்தது என்பது அந்தக் குழுவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மெக்கானிக் ஒருவர் தன் கிட்டாரைப் பழுது பார்க்காமல் விட்டார் என்பதுதான் இதில் நம்பக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

இன்னொரு தொல்லை, கீச்சிடல். ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தமாக இருக்கும்போது பிரிட்ஜ் பிக்கப் ஊளையிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. பிக்கப் சுருளின் மெல்லிய கம்பிகள் உள்ளே தளர்ந்து அதிர்கின்றன, அல்லது பிரிட்ஜ் தகடே சற்று வளைந்து மரத்தோடு ஒட்டாமல் அதிர்கிறது. எதுவென்று கண்டுபிடிக்கத் தகட்டின் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊளை நின்றால் தகடுதான்; கழற்றித் தட்டையாக்குங்கள். பிக்கப்பைத் தாங்கும் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக ரப்பர் குழாய்த் துண்டு போட்டால் பாதி அதிர்வு அங்கேயே அடங்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் சுருளை மெழுகில் முக்க வேண்டும். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். குமிழி வருவது நின்றதும் எடுத்துவிடலாம். சூடு மீறினால் சுருள் சட்டம் கோணிப்போகும், பிக்கப்பே குப்பை.

இரண்டு குமிழ், ஒரு ஸ்விட்ச்

ஒலிக்கு ஒன்று, டோனுக்கு ஒன்று, பிக்கப் தேர்வுக்கு மூன்று நிலை ஸ்விட்ச். தகட்டின் இரண்டு திருகைக் கழற்றினால் மின்சாமான் மொத்தமும் கையில் வந்து நிற்கும். ரேடியோ பழுதுபார்த்தவரின் கைவரிசை இது. குமிழ்களுக்கு அடியிலிருக்கும் மாறும் மின்தடைகளான பொட்டுகள் 250 கிலோ ஓம். மாற்றும்போது இதே அளவைப் போடுங்கள், 500 போட்டால் ஏற்கெனவே கூர்மையான பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்தும்.

பழைய ஆண்டுகளின் கிட்டாரை அப்படியே திரும்பச் செய்யும் மறுபதிப்பு மாதிரி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த ஆண்டின் ஒயரிங்? 1952 முதல் 1967 வரை ஸ்விட்சின் எந்த நிலையிலும் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்காது. ஒரு நிலையில் நெக் பிக்கப் இருட்டடித்த பாஸ் மாதிரி மட்டும் கேட்கும். வரலாற்றுப் பிரியர்களுக்கு அது பொக்கிஷம், ஷிஃப்ட் வாசிக்கிறவர்களுக்கு வீணாய்ப்போன ஒரு நிலை. பிரிட்ஜ், இரண்டும், நெக் என்ற இப்போதைய வரிசையே வேலைக்கு ஆகும். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் அமெரிக்க மின்சாரத்தின் 60 சுழற்சி இரைச்சல் கூடவே வரும். ஒரு பிக்கப் மறுதிசையில் சுற்றியிருந்தால் நடு நிலையில் மட்டும் அடங்கும்.

சின்ன எரிச்சல்: பழைய முறையில் நெக் பிக்கப் நேராக மரத்தில் திருகப்பட்டிருக்கிறது. அதன் உயரத்தை மாற்றப் பிக்கார்டு (முன்பக்கப் பாதுகாப்புத் தகடு) மொத்தத்தையும் கழற்ற வேண்டும். இதை ஏன் அப்படி வைத்தார்கள் என்பதற்கு மலிவு என்பதைத் தவிர வேறு நியாயம் தெரியவில்லை.

உண்மையில் மேடையில் மானத்தை வாங்கும் பாகம் கேபிள் செருகும் ஜாக்தான். பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம். அதைப் பிடித்திருப்பது உள்ளே மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு தகட்டுத் துண்டு. கேபிளை நான்கு தரம் மிதித்து இழுத்தால் கடி தளரும், ஜாக் சுற்றத் தொடங்கும், உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு சால்டர் விட்டுப்போகும். பாட்டு நடுவில் சத்தம் போய்விடும். நட்டை மட்டும் முறுக்கினால் ஜாக்கும் சேர்ந்து சுற்றி நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டு திருகால் மரத்தோடு இறுகும் வேறு வகைக் கிண்ணம் விற்கிறார்கள். வாங்கிய வாரமே மாற்றிவிடுவது நல்லது. கேபிளை ஸ்டிராப்புக்குள் ஒரு வளையம் விட்டுப் பிறகு செருகினால், இழுப்பு ஜாக்குக்குப் போகாமல் ஸ்டிராப்போடு நிற்கும்.

கம்பியும் அளவும்

பழைய முறை டியூனர்களில் தண்டின் உச்சி பிளந்திருக்கும், நடுவில் ஒரு குழி. கம்பியை அந்த டியூனரைத் தாண்டி இழுத்து, அடுத்த டியூனருக்கும் அதற்கடுத்ததற்கும் நடுவாக வெட்டுங்கள். முனையைக் குழிக்குள் இறக்கி, செங்கோணமாக மடித்து, கீழ்நோக்கி மூன்று சுற்று. முனை வெளியே நீட்டாது, விரலைக் குத்தாது, வேகமாகவும் ஆகும். முதலில் முழுக் கம்பியையும் சுற்றிவிட்டுக் கடைசியில் வெட்டும் பழக்கக்காரர்கள் இந்த டியூனரில் திண்டாடுவார்கள்.

ஜேம்ஸ் பர்ட்டன் பதின்வயதிலேயே லூசியானா ஹேரைட் வானொலி நிகழ்ச்சியில் சம்பளத்துக்கு வாசித்தவர். அவருடைய முதல் வேலையே கிட்டார்தான். கடையில் கிடைத்த தடித்த கம்பி இழுக்க வராததால் மேல்கம்பிகளுக்குப் பான்ஜோ கம்பி போட்டார். இன்று அந்தத் தந்திரம் தேவையில்லை, 9 முதல் 42 வரையிலான (ஆயிரத்திலொரு பங்கு அங்குலக் கணக்கு) மெல்லிய செட் எங்கும் கிடைக்கிறது. புதிதாக வாசிப்பவர் அதில் தொடங்கலாம். தாளம் நிறைய வாசிக்கிறவர்களுக்கு 10 முதல் 46. கம்பித் தடிமன் மாற்றினால் நெக் வளைவு மாறும், சுருதியும் மாறும்; மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

அளக்கும் முறை: முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டு, நெக் பாடியோடு சேரும் ஃபிரெட்டில் தடித்த கம்பியை அழுத்திக்கொண்டு, 8ஆம் ஃபிரெட்டில் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். 9.5 வளைவுக்கு 0.010 அங்குலம், 7.25 வளைவுக்கு 0.012. பிறகு கேப்போவை எடுத்துவிட்டு 17ஆம் ஃபிரெட்டில் கம்பி உயரம்: 9.5க்கு இரு பக்கமும் 4/64 அங்குலம், 7.25க்குத் தடித்த பக்கம் 5/64, மெல்லிய பக்கம் 4/64. இது நிறுவனம் சொல்லும் தொடக்க அளவு. கன்ட்ரிக்குக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதே எங்கள் சிபாரிசு, விரல் கம்பிக்கு அடியில் நுழைந்து இழுக்க இடம் கிடைக்கும். இழுத்துவிட்ட கம்பி சுருதிக்குத் திரும்பவில்லை என்றால் டியூனரைத் திட்டாதீர்கள். பத்தில் எட்டுத் தடவை நட்டின் (ஜாக் நட் அல்ல, நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பதியும் சின்னப் பட்டை) பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள், போதாவிட்டால் அகலப்படுத்த வேண்டும்.

தலை பின்னால் சாயாமல் நேராக இருப்பதில் ஒரு இனாம் உண்டு. நட்டுக்குப் பின்னால் நீளமாகக் கம்பி கிடைக்கிறது. அதை விரலால் அமுக்கித் திறந்த கம்பியையே இழுத்து உயர்த்தலாம். கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்டுக்கு இன்னொரு கை தேவைப்பட்டபோது ஜீன் பார்சன்ஸ் இப்படித்தான் அவருக்காகப் பின்னாலிருந்து அமுக்கினார். பிறகு பார்சன்ஸ் உட்கார்ந்து, நெக்கைக் கீழே அழுத்தினால் ஸ்டிராப் இழுபட்டு இரண்டாவது கம்பி ஒரு முழு சுரம் ஏறும் ‘பி பெண்டர்’ இயந்திரத்தைக் கட்டினார். டிரம் வாசித்தவர், ஆனால் இயந்திரப் பட்டறை வேலையும் தெரிந்தவர். அந்தக் கிட்டார் இன்று கன்ட்ரி இசைக்கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட்டிடம் இருக்கிறது. புதிதாக வாங்குபவர் பி பெண்டர் பொருத்தியதைத் தேடிப் போக வேண்டாம். பாடியைப் பின்னால் பெரிதாகக் குடைய வேண்டும், எடை கூடும், வாசிப்பையும் முதலிலிருந்து கற்க வேண்டும்.

எதை வாங்கலாம்

ஸ்குவையர் பெயரில் வருபவை, மெக்சிகோவின் என்சனாடாவில் செய்பவை, கலிஃபோர்னியாவின் கரோனாவில் செய்பவை என்று விலைப்படி மூன்று படி. விலை குறைந்ததில் மரமும் நெக்கும் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது நட், ஸ்விட்ச், ஜாக், ஃபிரெட் முனை. வறண்ட காற்றில் நெக் மரம் சுருங்கும், உலோக ஃபிரெட் சுருங்காது. அதனால் முனைகள் ரம்பம் மாதிரி நீட்டிக்கொள்ளும். நெக்கின் இரு விளிம்பிலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், கீறினால் வேறொன்றை எடுங்கள். இந்த நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவைச் சேர்த்தாலும் ஸ்குவையர் மலிவுதான், நான்கும் நாமே மாற்றக்கூடியவை என்பதால். நடு விலைக்கு மெக்சிகோக் கிட்டார். அமெரிக்கத் தயாரிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதி வேலைப்பாட்டுக்கு, மீதி பெயருக்கு. மறுபதிப்பு மாதிரிகளை முன்னால் சொன்ன 7.25 வளைவையும் பாடிப்பக்க டிரஸ் ராடையும் தெரிந்துகொண்டு ஆசைப்பட்டால் மட்டும் வாங்குங்கள்.

முதல் கிட்டாரே இதுவாக இருக்க வேண்டுமா? கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னுக்குக் கணவர் வாங்கிக் கொடுத்தது 17 டாலர் ஹார்மனி கிட்டார். பிற்காலத்தில் உருக்காலையில் வேலை பார்த்த பாடகர் சார்லி பிரைடுக்குப் பதினான்கு வயதில் கிடைத்தது சியர்ஸ் கடைக் கிட்டார். டெலிகாஸ்டர் பிழையை மறைக்காது. பிரிட்ஜ் பிக்கப்பில் ஒரு கம்பி சரியாக விழாவிட்டால் அறைக்கே தெரியும். கற்கும்போது அது தண்டனையாகவும் இருக்கலாம், வாத்தியாராகவும் இருக்கலாம்.

ஆம்ப் பற்றிச் சுருக்கமாக. சுத்தமான ஒலி உடையாமல் தாங்கும் வகை வேண்டும். ட்வின் ரிவெர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஒலி அருமை, படியேற்றித் தூக்குகிறவர் முதுகு பாவம். 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் பெரும்பாலான கூடங்களுக்குப் போதும். டிரெபிள் 5க்கு மேல் போகாமல் தொடங்குங்கள், ஒரே ஒரு எதிரொலி 100 மில்லிசெகண்ட் அளவில், முன்னால் ஒரு கம்ப்ரெசர். வலது கையில் பிக்கோடு (கம்பி மீட்டும் சின்னத் தகடு) நடுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து வாசிக்கும்போது மூன்று சத்தமும் சம அளவில் வர அந்தக் கம்ப்ரெசர் உதவும்.

கன்ட்ரி பாடகி டாமி வைனெட் புகழின் உச்சியிலும் சிகையலங்கார உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருந்தாராம். அந்த எச்சரிக்கை உணர்வோடு கேஸில் போட்டுவைக்க வேண்டியவை: முதல் மூன்று கம்பிகள் இரண்டிரண்டு, குறுக்குவாய்த் திருப்புளி ஒன்று, சேடில் உயரத்துக்கான சின்ன ஆலன் சாவி, டிரஸ் ராட் சாவி, கம்பி வெட்டும் கத்தரி, பென்சில் துண்டு, இன்னொரு கேபிள், ஜாக் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர். ஷிஃப்ட் தொடங்குமுன் ஜாக்கை ஒருமுறை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள், வெளியிலிருந்து மட்டும் முறுக்காதீர்கள்.